காற்று வரும் பக்கம் ஜெயராணி அக்காவுக்கு

ஜெயராணி அக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

எங்கள் ஊர் செட்டிபாளையத்திலிருந்து மச்சான் கோல் எடுத்துச் சொன்னான். நெஞ்சு நோகுது என்றாராம்... ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டதாம்.

நான் இங்கே டோஹாவில் டியூட்டியில் நிற்கிறேன். ஹோட்டல் ஸ்விமிங் பூலில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போனைப் பொக்கெட்டில் வைத்துவிட்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் பிரண்ட்ஸ் லிஸ்டில் பலருக்கு அவரைத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்தவர். சுனாமியில் ஒரே மகளைப் பறிகொடுத்தவர். ஒன்பது வயது. உடல் கிடைக்கவேயில்லை.

அந்த அலைக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் கடலில் கால் நனைக்கவும் பயந்தார்கள். அக்கா நாற்பது வயதுக்கு மேல் நீந்தப் பழகினார். பிறகு ஊரில் இன்னும் ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். ஷல்வார் போட்டுக்கொண்டு, வெறும் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிப்பிடித்து மிதப்பார்கள்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அதே கரைக்கு நான் கைட்டோடு போனேன்.

சுனாமி நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போன கைட் அது. பெரிய பட்டம் மாதிரி. அது காற்றில் இழுக்க, நாம் பலகையில் நின்று தண்ணீரில் ஓடலாம். டூரிஸ்டுகளுக்குப் பழக்கிப் பிழைக்கலாம் என்று எனக்கு ஒரு கனவு.

இடமோ கொஞ்சம். ஒரு பக்கம் கரைவலை இழுப்பவர்கள். மறுபக்கம் கல். நடுவில் மணல் தரை உள்ள சின்னத் துண்டு... அது அவர்களுக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும்.

பெண்கள் வீட்டு வேலை முடித்து வருவது பின்னேரம். காற்று எழும்புவதும் பின்னேரம்.

ஒரு நாள் என் கைட் அவர்கள் நடுவில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. எல்லோரும் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். அக்கா மட்டும் என்னிடம் வந்தார்.

"தம்பி, மேல காத்தப் பாக்கிறீங்க. தண்ணிக்குள்ள இருக்கிற தலையப் பாக்க மாட்டீங்களா?"

"பயமெண்டா கரையில இருங்க. கடல் என்ன உங்கட வீட்டு வளவா?"

மகளைப் பற்றித் தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் நான் கைட் எழுப்பும் இடத்தில் எட்டுப் பேரும் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். அதற்கு மறுநாளும், வெயில் சாயும்வரை. என்னிடம் கைட் பழக வந்த இரண்டு டூரிஸ்டுகளும் பாசிக்குடாக் கரைக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் கைட்டைச் சுருட்டி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஈர உடுப்போடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"இது விழுந்தா எந்தப் பக்கம் விழும்?"

"காத்து போற பக்கம்."

"அப்ப காத்து வாற பக்கம் நாங்க நிக்கிறம். நீங்க அங்கால ஓடுங்க."

"காத்து மாறுமே அக்கா."

"மாறினாச் சொல்லுங்க. நாங்களும் மாறுறம்."

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். தெற்கிலிருந்து சோளகம் வீசினால் பெண்கள் தெற்கே, நான் வடக்கே. காற்று திரும்பினால் இடமும் திரும்பும். காற்றைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் நாளில் இரண்டு தரப்பும் இறங்குவதில்லை. ஆளை வெளியே கொண்டு போய்விடும். கரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்போம். அப்படி ஒரு நாளில்தான் கேட்டேன்... எப்படி அக்கா இந்தக் கடலில இறங்குறீங்க என்று.

"பிள்ளை உள்ளுக்க இருக்காள். நான் கரையில நிண்டு என்ன செய்யிற?"



இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு ஒரு பின்னேரம் காற்று சட்டென்று திரும்பியது. நான் கரையில் போனில் பேசிக்கொண்டிருந்தேன். என்னிடம் கைட் பழகிக்கொண்டிருந்த ஒருவர் கைட்டை அடக்க முடியாமல் பெண்கள் பக்கம் போய்விட்டார். பலகை அக்காவின் தோளில் அடித்தது. எலும்பு முறிந்துவிட்டது.

ஊரில் கூட்டம் போட்டார்கள். இவன் இனி இந்தக் கரையில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். நியாயம்தானே.

அக்கா கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி வந்தார்.

"காத்து மாறினத நானும் பாக்கல்ல," என்றார். "இவனத் துரத்தினா வேற கரைக்குப் போவான். அங்கயும் ஆக்கள் குளிப்பாங்க. இஞ்சயே இருக்கட்டும். இனிக் கவனமா இருப்பான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் பார்த்திருக்கிறார். காற்று மாறியதும் கையைத் தூக்கி என்னை இரண்டு மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். கூட இருந்த பெண் பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். அக்கா யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாராம்.

அந்தக் கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழும்பவில்லை. தலை பின்னக்கூட இன்னொருவர் வேண்டும். மற்றக் கையால் நீந்தினார்.

நான் கட்டாருக்கு வெளிக்கிட்ட அன்று பஸ் ஹோல்ட்டுக்கு வந்தார். அவர் அன்று கூப்பிட்டது எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

"போய்ச் சேந்ததும் ஒரு கோல் எடுங்க தம்பி."

"ஓம் அக்கா."

கோல் எடுத்தேன். சுகம் விசாரித்தேன். சம்பளம், சாப்பாடு எல்லாம் பேசினேன். இதை மட்டும் பேசவில்லை. இத்தனை வருடமும்...

நாளை மூன்று மணிக்கு சேமக்காலையில் அடக்கமாம். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

ஊர் ஆட்கள் இதை வாசிப்பீர்கள். அன்று காற்றைப் பார்க்காமல் இருந்தது நான் ஒருவன்தான். அக்கா உங்களிடம் பொய் சொன்னார், எனக்காக.

மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா. போயிட்டு வாங்க.