மேலப்பாளையத்து வேன்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாக நினைவில்லாமல் கிடந்தார். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு மதிய விமானம் பிடித்தேன், கையிலிருந்ததெல்லாம் டிக்கெட்டுக்கே போய்விட்டது. அந்த விமான நிலையமோ ஊரை விட்டுத் தள்ளி நெடுஞ்சாலையில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வர டாக்ஸிக்குக் கட்டுப்படியாகாது, பஸ் எப்போது வருமோ தெரியாது, முன்பின் தெரியாத காரில் தனியாக ஏறவும் பயம். அப்பாவை உயிரோடு பார்ப்பேனா என்று விமானத்திலேயே அழுதுவிட்டேன்.

பக்கத்து சீட்டுக்காரர், கத்தாரிலிருந்து வந்து சென்னையில் விமானம் மாறினவராம், மெல்லக் கேட்டு விவரம் தெரிந்துகொண்டார்.

"அழாதிய அக்கா. எங்க வீட்டு வேன் வந்திருக்கும், நீல வேன். மேலப்பாளையம் போற வழியில ஆஸ்பத்திரில எறக்கி விட்டுருவாவ. உம்மா முன்னாடி இருப்பாவ, காதர் சொன்னான்னு சொல்லுங்க."

இறங்குகிற அவசரத்தில் அவரைத் தவறவிட்டேன். ஆனால் வெளியே நீல வேன் நின்றது. வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்தால் குடும்பமே வேன் பிடித்து வந்து அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் உள்ளே எல்லோரும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். காதர் சொன்னதைச் சொன்னேன். முன் சீட்டிலிருந்த அவருடைய அம்மா என்னையே பார்த்தார்.

"அவன் வரலியே தாயி. கத்தார்லயே பிளேன விட்டுட்டானாம். இப்பத்தான் போன் போட்டான்."

அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு. ஆளக் கூட்டிட்டுப் போவ வந்த வேன், சும்மா திரும்ப வேண்டாம்."

நம்பினால் நம்புங்கள், அப்படி ஒரு பயணம் எனக்கு வாய்த்ததே இல்லை. அத்தர் வாசனை, மடியில் யாரோ ஒரு குழந்தையின் தலை, யாரும் பேசவில்லை. வல்லநாட்டு மலை நகராமல் கூடவே வந்தது. பாலத்துக்குக் கீழே ஆறு வெயிலில் மினுங்கிக்கொண்டு பைய ஓடியது. பயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை, தூங்கினேனா விழித்திருந்தேனா என்றும் தெரியவில்லை.

அப்பா கண் விழித்தார். "வந்துட்டியா" என்றார். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். பொழுது சாயும்போது போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு, அந்த அம்மா ஆஸ்பத்திரியில் விலாசம் விசாரித்து, மகனோடு துக்கம் கேட்க வந்தார். அதே காதர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. சுவரிலிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்களா? கத்தார்ல பிளேனுக்குக் காத்துக் கெடக்கையில கண் அசந்துட்டேன். இவங்கதான் தோளத் தொட்டு எழுப்புனாங்க. 'எம் மவ தனியா வாரா, ஒங்க வேன்ல ஏத்தி விடுங்க தம்பி'ன்னாங்க. சரி, சொல்லி விடுதேன்னேன். முழிச்சுப் பாத்தா பிளேன் போயிட்டு."

அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார்.

"அங்க ஏசி ஒரே குளிரு அக்கா. அவங்க கால்ல செருப்பே இல்லியே, ஏன்?"

அப்பாவின் செருப்பை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். அந்தக் குளிரில் வெறுங்காலோடு எத்தனை பேரை எழுப்பிப் பார்த்தாரோ, அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.