கடலோரம் ஒரு தறிக்குழி

என் வீட்டுக்காரருக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வராது. மீசை முளைக்கும் முன்பே தறியில் இறங்கியவர். பகலெல்லாம் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டே உட்கார்ந்து பழகிவிட்டார். கல்யாண வீட்டில் கீழே இலை போட்டால் பசியே இல்லை என்று எழுந்து வந்துவிடுவார். வீட்டுக்கு வந்து ரசம் சோறு கேட்பார். போகிற இடத்துக்கெல்லாம் ஒரு குழியையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும் போலிருக்கிறது என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அந்தக் கிண்டலை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போகிறது.

எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கத் தறிதான். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அது புதுமை இல்லை. நெய்கிறவர் தரைமட்டத்தில் ஒரு பலகை மேல் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, அடியில் இருக்கும் மிதிகட்டைகளை இடது வலது என்று மாற்றி மாற்றி மிதிப்பார். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்வதற்கு ஓர் ஆள் போதாது. வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, கரைக்கான இழை சுற்றிய நாடாவைக் குறுக்கே விட வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து அந்த ஆள் நான்தான். என் இடம் குழிக்கு வெளியே, காலை மடக்கிக்கொண்டு. சண்டை போட்டு நாங்கள் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அவர் மிதிக்க, நான் நாடா விட, வேலை மட்டும் தப்பாமல் நடக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தால் அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறும். பக்கத்து வீடுகளில் வேலையை நிறுத்திவிடுவார்கள். இவர் சொம்பால் மொண்டு ஊற்றிவிட்டு, பாதம் ஈரத்தில் இருக்க, தன் பாட்டுக்கு நெய்துகொண்டிருப்பார். குழியில் தண்ணீர் வருவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கு எங்கள் குடியைக் கெடுக்கப் பார்த்தது அந்தப் பழக்கம்தான்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற எங்கள் மகள், எங்களை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போயே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடல் என்றால் எங்களுக்கு மகாபலிபுரம்தான். அங்கே கூட்டம் தாங்காது என்று அவள் சதுரங்கப்பட்டினத்துக்குக் கூட்டிப் போனாள். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் தாண்டிப் போக வேண்டும். வழியெல்லாம் அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, முடிக்காமல் விட்டுவந்த முந்தானையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பாதி இடிந்த செங்கல் சுவர். உள்ளே வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். கல்லில் பூவும் கொடியும் எழுத்துமாக அத்தனை நெருக்கமான வேலை. செத்தவர்களின் கல்லைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் ஒரு கொடியை விரலால் தடவிப் பார்த்து, இதை அப்படியே சேலைக் கரையில் போடலாம் என்றார். இந்த ஊரிலிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகத் துணி போனதாம், மகள் போனைப் பார்த்துப் படித்தாள். அவருக்கு ஏகப் பெருமை. தானே நெய்து அனுப்பியதைப் போல மீசையைத் தடவிக்கொண்டார்.

கோட்டையைத் தாண்டினால் கடற்கரை. உண்மையிலேயே கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். கூச்சல் இல்லை, குப்பை அதிகம் இல்லை. மேட்டில் படகுகள் வரிசையாக நின்றன. கொஞ்சம் தள்ளி இரண்டு மீனவர்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கோட்டைச் சுவரைப் படம் எடுக்கப் போனாள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நடந்தேன். எனக்கும் ஆசை இருக்காதா? திரும்பி அவரைப் பார்க்கவே தோன்றவில்லை.

பார்த்தபோது அவர் ஈர மணலில் உட்கார்ந்திருந்தார். அதுவும் நிம்மதியாக, நிமிர்ந்து, தறியில் உட்காருவது போல. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போனால், மனுஷன் கொட்டாங்குச்சியால் மணலைத் தோண்டி, முழங்காலுக்கு மேலே ஆழமாக ஒரு குழி வெட்டி, அதற்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காய்ந்த மணல் சரிகிறதாம், ஈர மணல்தான் நிற்கிறதாம். அதனால் அலைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தாராம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். கையை நீட்டி, இல்லாத நாடாவை ஒரு தடவை விட்டுக் காட்டினார்.

முதல் அலை வந்து குழிக்குள் இறங்கியது. எழுந்திருங்கள் என்றேன். மழைக்காலத்தில் ஊறாத தண்ணீரா என்று அசையாமல் இருந்தார். இரண்டாவது அலை கொஞ்சம் பெரியது. அது திரும்பிப் போனபோது குழி இல்லை. அவர் மட்டும் இருந்தார். தொடையின் பாதி வரை மணல் மூடி, தரை ஒரே மட்டமாகப் பளபளவென்று இருந்தது. ஒரு பாவமும் அறியாத மாதிரி.

"கால் வர மாட்டேங்குதும்மா" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதடு வெளுத்துவிட்டது. அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். மரத்தை இழுப்பது போல இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் கத்தினேன். அடுத்த அலை அவர் மார்பில் மோதி, என்னையும் தள்ளிவிட்டது. எழுந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் மணல் ஏறியிருந்தது. நீந்தப் போனவர்களைக் கடல் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கரையில் உட்கார்ந்திருக்கிற ஆளை, பட்டப்பகலில், வெய்யிலில், பெண்டாட்டி கண் முன்னாலேயே இப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று யார் சொன்னார்கள்?

மகள் ஓடிவந்து ஒரு கையைப் பிடித்து இழுக்க, நான் மறுகையைப் பிடித்து இழுக்க, அவர் வலி தாங்காமல் கத்தினார். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். கடல் ஏறுகிற நேரம், இங்கே போய் உட்கார்ந்தீர்களே என்று சொல்லிக்கொண்டே கையால் மணலை வாரினார்கள். வாருவதற்கும் அலை வந்து நிரப்புவதற்கும் சரியாக இருந்தது. அலை ஒவ்வொன்றும் முன்னதைவிட உயரமாக வந்தது. ஒன்று அவர் வாயைத் தொட்டுவிட்டுப் போனது. அவர் தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நான் ஏதாவது செய்வேன் என்று ஒரு குழந்தை பார்ப்பது போலப் பார்த்தார்.

"இழுக்காதக்கா, முட்டி பிசகிடும்" என்றார் மீனவர்களில் மூத்தவர். "காலை உள்ளயே ஆட்டச் சொல்லு. தண்ணி எறங்கினாதான் மண்ணு விடும்."

சொன்னோம். மகள் சொன்னாள், நான் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னோம். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. பயத்தில் விறைத்துப்போய் இரண்டு கைகளாலும் என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டு, ஆட்டு என்றால் அவருக்கு என்ன தெரியும்? அந்தக் கால்களுக்குத் தெரிந்தது ஒரே வேலைதானே.

எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யோசித்துச் செய்யவில்லை. அவருடைய வலது பக்கம் போய், தண்ணீரிலேயே, தறியில் உட்காருகிற மாதிரி காலை மடக்கி உட்கார்ந்தேன். அலை என் கழுத்து வரை அடித்தது. எனக்கும் நீச்சல் தெரியாது. அவர் காதுக்குப் பக்கத்தில் போய், வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கூப்பிடாத மாதிரி கூப்பிட்டேன்.

"யோவ், மிதி. எடது மிதி. கரை நாடா நான் விட்டாச்சு, மிதிய்யா."

அவர் கண் என் கைக்கு வந்தது. நான் இல்லாத நாடாவை விட்டேன். இடது என்றேன். அவர் தோள் லேசாக அசைந்தது. வலது என்றேன். மறுதோள். தொடையைச் சுற்றி மணலில் ஒரு சின்னக் குமிழி வந்தது. அலை வந்தபோது அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கியது. இடது. வலது. மூத்தவர் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டார். இளையவர் தொடைப் பக்கம் மணலை வாரிக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு முந்தானை முழுவதும் நெய்தது போல இருந்தது. முதலில் இடது முழங்கால் மேலே வந்தது. வலது கால் வந்தபோது அவர் பின்பக்கமாகச் சாய்ந்து மூத்தவர் மேலேயே விழுந்தார்.

மேட்டுக்குத் தூக்கிப் போனார்கள். முட்டி வீங்கியிருந்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. மகள் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மீனவர்கள் கொடுத்த டீயை வாங்கி அவருக்குக் கொடுத்தேன். கடல் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்தது போலவே அழகாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வீக்கம் வடிந்தது. ஆனால் அவர் தறிக்குப் போகவில்லை. இழை அறுந்திருக்கிறது என்றார், வெளிச்சம் போதவில்லை என்றார். கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை நடந்து போனார். சாப்பிடக் கூப்பிட்டாலும் தறியை விட்டு எழுந்திருக்காத ஆள், அது இருக்கிற கூடத்துக்குள்ளேயே வருவதில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து குழியோரம் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"உள்ள தண்ணி இருக்குதா பாரு" என்றார்.

கத்திரி வெய்யில், கிணறே வற்றிக் கிடக்கிறது. மழைத் தண்ணீரில் பாதத்தை வைத்துக்கொண்டு நெய்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கடல் அவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முழுதாகக் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவருடைய பலகையில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் கூட்டுவதற்குத் தவிர நான் இறங்காத அந்தக் குழிக்குள் காலை விட்டேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கெட்டித் தரை. மிதிகட்டையில் அவர் பாதம் படுகிற இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. இடது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன். நாடாவை விட்டேன். தப்பும் தவறுமாகத்தான் வந்தது. கரை நாடா விட ஆள் இல்லாமல் வலது பக்கக் கரை மட்டும் நெய்யாமல் நின்றது.

அவர் வந்து உட்கார்ந்தார். என் இடத்தில், குழிக்கு வெளியே. முட்டி மடங்காமல் முனகிக்கொண்டே கரை நாடாவை எடுத்து விட்டார். நான் மிதித்தேன், அவர் விட்டார். என் நெசவு கோணலாகப் போவதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். திட்டட்டும் என்று இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் வலது பாதத்தின் மேல் ஏதோ கனமாகப் பட்டது. குனிந்து பார்த்தேன். அவருடைய ஒரு கால் உள்ளே இறங்கியிருந்தது. மிதிகட்டையில் இல்லை, என் பாதத்தின் மேல். சுண்டுவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வலது" என்றார், மெதுவாக. அழுத்தினார்.

கடற்கரையில் வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. அவர் காலுக்குக் கீழே என் பாதம் வலித்தது. எடுக்காமல் வைத்துக்கொண்டே நாடாவை விட்டேன்.