உபயம் எழுதிய மோட்டார்

நூம்பல் மேட்டுக் குடியிருப்பின் சங்கம், வெள்ளப் படகுக்கு மோட்டார் வாங்கக் கூட்டம் போட்டது. அந்த அறையில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரேகா அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் இன்ஜின் தயாரிக்கும் பட்டறையில் பதினான்கு வருடமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வீடு கூவத்தை ஒட்டிய கீழ்த்தெருவில். வெள்ளம் முதலில் தட்டும் கதவு அவளுடையது. போன வருடம் துடுப்புப் படகால் நீரோட்டத்தை எதிர்த்து வர முடியவில்லை. கீழ்த்தெருக்காரர்கள் அரை நாள் கூரைமேல் கிடந்தார்கள். இந்த வருடம் பக்கத்து வீட்டு தேவிப்பிரியாவுக்கு மார்கழியில் பிரசவம். ரேகா கூட்டத்துக்கு வந்தது அதற்காகத்தான்.

"ஃபோர் ஸ்ட்ரோக்தான் வாங்கறோம்" என்றார் தலைவர் ராஜசேகரன். "புகை இல்ல, சத்தம் இல்ல. டீசன்ட்டா இருக்கும்."

"நல்ல மோட்டார்தான் சார். பெட்ரோலும் கம்மியா குடிக்கும். ஆனா பத்து கிலோ வெயிட்டு ஜாஸ்தி. ஒரே பக்கமாத்தான் படுக்க வெக்கணும், இல்லாங்காட்டி ஆயில் சிலிண்டருக்குள்ள எறங்கிடும். டூ ஸ்ட்ரோக்னா ஆயில பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும், புகை வரும், அவ்ளோதான். எப்டி போட்டாலும் கெடக்கும். சங்க ரூமு மூணாவது மாடி, அங்கேர்ந்து யாரு சார் தூக்கிகினு வர்றது?"

"தூக்கத்தான் உங்க தெருவுல ஆள் இருக்காங்களே!"

அறை சிரித்தது. படித்தவர்கள் நிறைந்த அறை.

"அப்ப தூக்கறவங்கள கேட்டு வாங்குங்க."

"ஏம்மா, வாங்கித் தர்றது நான்."

அதோடு விவாதம் முடிந்தது. கொடுப்பவன் வாய் திறந்தால் அறிவு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது இந்த நாட்டின் எழுதப்படாத சட்டம்.

நல்ல நேரம் பார்த்து மோட்டார் வந்தது. வந்ததும் பெயின்டரைக் கூப்பிட்டார்கள். டியூப் லைட்டில் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கும் ஊர், மோட்டாரை விடுமா? ஒரு பக்கத்தில் கம்பெனிக்காரன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். படுக்க வைத்தால் அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று படமே போட்டிருந்தான். மறுபக்கம் காலியாக இருந்தது. அங்கே சிவப்பில் எழுந்தது: 'உபயம்: பெ. ராஜசேகரன்'.

ஆயுத பூஜைக்குச் சங்க மாடியில் மோட்டாரைப் படுக்க வைத்தபோது பெயர் மேலே இருந்தது. பூஜைக்குப் பாத்திரம் கழுவ வந்த தேவிப்பிரியாதான் இறங்கி வந்து ரேகாவிடம் சொன்னாள். ரேகா மாடியேறினாள்.

"சார், தப்பா வெச்சிகீறீங்க. திருப்புங்க."

"திருப்பினா பேர் தரையைப் பார்க்குமே. அபசகுனம்மா."

சந்தனம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், அறையைப் பூட்டினார்கள். சாவி தலைவர் இடுப்பில் தொங்கியது. ஏழு வாரம் யாரும் திறக்கவில்லை.

எட்டாவது வாரம், காலை ஏழு மணிக்குக் கீழ்த்தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. தேவிப்பிரியாவுக்கு நாள் இருந்தும் வலி வந்துவிட்டது. அதே தெருவின் லோடுமேன் எத்திராஜும் இன்னும் இருவரும் மூன்று மாடி இறக்கி மோட்டாரைப் படகில் மாட்டினார்கள். கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. தலைவர் எலுமிச்சம்பழம் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

எட்டரைக்கு ரேகா இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தாள். கையில் பிளக் ஸ்பேனர்.

"இன்னாக்கா, செத்துடுச்சா?" என்றான் எத்திராஜ்.

"சாவல. எண்ணெய் குடிச்சிகினு கீது. சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தலைவர் தள்ளி நிற்கவில்லை. எவன் பேச்சை எப்போது கேட்டார்? ரேகா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள்; எத்திராஜ் கயிற்றை இழுத்ததும் எண்ணெய் பீய்ச்சி அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. நாலு இழுப்பில் சிலிண்டர் காலி. பிளக்கைத் துடைத்து மாட்டி, குறைந்த ஆயிலை ஊற்றி மறுபடி இழுத்தார்கள். மோட்டார் இருமிக்கொண்டு கிளம்பியது. குடியிருப்பே மறையும் அளவுக்குப் புகை.

"டீசன்ட்டா கீதா சார்?"

அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு இருந்தது. "முதல்ல பி பிளாக்குக்கு ஒரு நடை போயிடும்மா. ஃபிரிட்ஜ் நனையுது."

"ஃபிரிட்ஜுக்கு வலி வரட்டும், வர்றேன்."

தேவிப்பிரியா படகில் ஏறும்போது மணி ஒன்பதரை. தண்ணீர் கட்டிலைத் தாண்டியிருந்தது. அதுவரை அவள் மேசைமேல் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேலப்பன்சாவடி பாலத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. குழந்தை ஆம்புலன்ஸுக்குள்ளேயே பிறந்தது. இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் நூம்பல் தண்ணீரில் பிறந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் மோட்டார் மக்கர் செய்த காரணத்தைச் சங்கம் கண்டுபிடித்தது: கண் திருஷ்டி. பூசணிக்காய் உடைக்கத் தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் நடக்கையில் ரேகா வெளியே மோட்டார் அருகே உட்கார்ந்திருந்தாள். பட்டறைப் பிளேடால் சிவப்பு எழுத்தை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். பிறகு அதே இடத்தில் கறுப்பு பெயின்டில், கண்ணாடி போடாதவனுக்கும் தெரியும்படி எழுதினாள்:

'இந்தப் பக்கம் கீழே.'