பிரேக் அக்காவின் பதின்மூன்றாம் வருடம்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் கொஞ்சம் தடுமாறினாலும் அவள் கால் முந்திக்கொள்ளும். அதனால் ஊரே அவளை ‘பிரேக் அக்கா’ என்கிறது. ஒருவர் தேறிவிட்டார் என்று பட்டால் வாயைத் திறந்து பாராட்ட மாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவ்வளவுதான், அவர் பாஸ். எட்டு மாதமாக அவளிடம் கற்கிறேன், எனக்கு அந்தச் சம்மணம் வாய்க்கவில்லை. நாற்பத்தாறு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தது என் தப்பு. சொந்த அக்காவிடம் போய்ச் சேர்ந்தது அதைவிடப் பெரிய தப்பு.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குச் சினைப்பையில் புற்றுநோய். தெரியவந்தபோதே மூன்றாம் கட்டம். ஐந்து வருடம் இருப்பாள் என்று சொல்வதற்கே டாக்டர்கள் மென்று விழுங்கினார்கள். அக்கா ஆபரேஷன் முடித்து, கீமோவும் முடித்து, மொட்டைத் தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு மறுபடி காரில் ஏறிவிட்டாள். அன்று முதல் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது: அவளைக் காப்பாற்றியது யார்? அத்தான், தான் தினமும் இழுத்துக்கொண்டு போன காலை நடைதான் என்பார். நான் விடுவேனா? அவளுக்கு ஜூஸ் போடக் கேரட் துருவித் துருவி என் விரல் தேய்ந்திருக்கிறது. அக்காவோ, தான் திட்டின திட்டில் நோய் ஓடிவிட்டது என்பாள்.

போன மாதம் இந்த வழக்குக்கு ஒரு நடுவர் வந்தார். இந்த நோய் வந்தும் பத்து வருடத்துக்கு மேல் பிழைத்திருப்பவர்களைப் பற்றி ஆராயும் பெண் டாக்டர் அவர். முன்பே அக்காவிடம் ரத்தம் எடுத்திருந்தார், முடிவைச் சொல்ல வீட்டுக்கே வந்திருந்தார். நடையையும் கேரட்டையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது என்றார். கண்ணுக்குத் தெரிந்த கட்டி ஒன்றையும் விட்டுவைக்காமல் எடுத்திருக்கிறார்கள், மருந்தும் நன்றாக வேலை செய்திருக்கிறது, கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. அதோடு அக்காவின் மரபணுவில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருக்கிறதாம். நோயைக் கொண்டுவந்தது அதுவாக இருக்கலாம், மருந்து இப்படிக் கேட்டதற்கும் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கூடப் பிறந்தவளுக்கும் அந்தக் கோளாறு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும், இருந்தால் நோய் வருவதற்கு முன்பே சினைப்பையை எடுத்துவிடலாம். என் கேரட் பெருமை அத்தோடு அடங்கியது.

மூன்று வாரம் சாக்குச் சொல்லியே ஓட்டினேன். ஒரு நாள் சளி, ஒரு நாள் ஆபீசில் வேலை, ஒரு நாள் வாஷிங் மெஷின் ரிப்பேர். உள்ளதைச் சொன்னால், பயம். அக்காவின் மொட்டைத் தலையைப் பார்த்தவள் நான். அவளோ இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டாத அக்காவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

நேற்றுக் காலை வகுப்பில் பெரிய சாலைக்கு வந்தோம். சிக்னலில் சிவப்பு விழுந்தது. இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, நேரே போனால் வீடு. எந்தப் பக்கம் போவது என்று கேட்டேன். எட்டு மாதமாக அதை அவள்தான் சொல்லிவந்தாள்.

“நீதானே ஓட்டுற. எனக்குத் தெரியறதுக்குள்ள மூணாவது கட்டம் ஆயிடுச்சு. உனக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. அவ்வளவுதான்டி நான் சொல்லுவேன்.”

“இருக்குன்னு சொல்லிட்டா?”

“அப்போ நான் கேரட் துருவுறேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்தில் செருப்புக் கழலும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பச்சை விழுந்தது. இடது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் வண்டியைக் கோணலாக நிறுத்தியதற்கு, ரத்தம் எடுத்து முடிக்கும் வரை திட்டு வாங்கினேன். ஊசி போகாத கையை மட்டும் அவள் கடைசிவரை விடவில்லை.