ஆல்வேஸுக்கும் நெவருக்கும் நடுவில்

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பரீட்சை கிடையாது. ஆனால் படிக்க வந்தவர்கள் இன்டர்வியூவுக்குப் போகிற அன்று பதறுவது அவள்தான். அந்தப் பதற்றம் தெரிந்த சக வாத்தியார்களே, மரக்காணத்தில் மெடிக்கல் ஷாப் மாடியில் வகுப்பு நடத்தும் நான் போன மழைக்கு முன்னால் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இரண்டு பேர் அவசரமாக வந்து சேர்ந்தார்கள். உப்பு லாரி ஓட்டும் ஏழுமலைக்கு அங்கே டிரைவர் வேலை வேண்டும். உப்பளத்தில் கூலிக்குப் போகும் அஞ்சலிக்கு ரூம் பராமரிக்கும் வேலை. மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை இல்லை. இன்டர்வியூவுக்கு ஒரே வாரம்.

ரெண்டு வாட்டி இல்லை

"டூ யூ டிரிங்க்?" என்று டிரைவரிடம் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் ஏழுமலைக்கு நெவரைச் சொல்லிக்கொடுத்தேன். அவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஐ நெவர் டோன்ட் டிரிங்க் சார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஒருபோதும் குடிக்க மாட்டேன்' என்பதை அப்படியே இங்கிலீஷில் தூக்கிப்போட்டிருக்கிறார். நெவருக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது, டோன்ட்டும் சேர்ந்தால் குடிக்காத நாளே கிடையாது என்று ஆகிவிடும் என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

"ஏன் மிஸ், ரெண்டு வாட்டி இல்லன்னு சொன்னா இன்னும் ஸ்ட்ராங்கா நம்ப மாட்டாங்களா?"

எங்கே வைப்பது

அஞ்சலியின் தொல்லை வேறு. 'ஐ ஆல்வேஸ் கம் எர்லி' என்றால் ஆல்வேஸ் வினைக்கு முன்னால்; 'ஐ ஆம் ஆல்வேஸ் எர்லி' என்றால் ஆமுக்குப் பின்னால். அவளுக்கு இரண்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, ஜன்னல் வழியே மேகத்தைப் பார்ப்பாள். அவள் பார்த்தால் நானும் பார்ப்பேன்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஒத்திகையில், "சம்டைம்ஸ் மை நேம் இஸ் அஞ்சலி" என்றாள். நான் தலையில் கை வைத்தேன்.

"அது ஒண்ணைத்தான் மிஸ், முன்னாடி, நடுவுல, கடைசில எங்க வச்சாலும் சரின்னு சொன்னீங்க."

நின்றுபோன பஸ்

இன்டர்வியூ அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனைப் பார்ப்பதும் மாடிப்படி இறங்கி ஏறுவதுமாக இருந்தேன். சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அனுமந்தை தாண்டி பஸ் நின்றுவிட, பாதி தூரம் ஓட்டமும் நடையுமாகப் போய், ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

மேனேஜர் அஞ்சலியிடம் கேட்ட முதல் கேள்வி, "ஆர் யூ எவர் லேட்?" பாவம், மனப்பாடம் செய்ததை அவள் பிசகாமல் சொல்லியிருக்கிறாள்: "ஐ ஆம் நெவர் லேட் சார்." அறையே சிரித்ததாம். "அத்தோட போச்சு மிஸ்" என்று சுவரைப் பார்த்து நின்றாள். இலக்கணம் சரி என்று சொல்ல வந்தவள், அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஏழுமலைதான் பேசினார்.

"என் கதைய கேளும்மா, காபி வேணுமான்னுதான் கேட்டாங்க, பயத்துல 'ஐ நெவர் டிரிங்க்'னுட்டேன்."

போன் வந்தது

ஏழுமலைக்கு மறுநாளே வேலை உறுதியானது. அஞ்சலிக்குத் தகவல் இல்லை. மழை வந்து பாத்திகளை மூழ்கடித்தது, வேலை நின்றது. அவள் மட்டும் வகுப்புக்கு வந்தாள், போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு. ரேர்லி நடத்திக்கொண்டிருந்தபோது அது அடித்தது. "நீங்க பேசுங்க மிஸ்" என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவளே பேசினாள். பஸ் நின்றதும் இவள் ஓடி வந்ததும் ஏழுமலை மூலம் மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். அவள் அழுதாள், நான் பலகையை அழிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டாள். ஆல்வேஸ், யூஷ்வலி எல்லாம் எப்படிப் போகிறது என்று ஆவலாகக் கேட்டேன்.

"அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல மிஸ், வர்றவங்க எல்லாம் டவல்னு ஒரே வார்த்தைதான் சொல்றாங்க."

சொல்லிக்கொடுத்தது சம்டைம்ஸ் உதவும், சொல்லிக்கொடுத்தவளின் பதற்றம் மட்டும் ஆல்வேஸ் என்பதுதான் எங்கள் தொழிலின் இலக்கணம்.