சுமாரான படத்துக்கு ஐந்து நட்சத்திரம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் குஜிலியம்பாறை வண்டிக்காக நிற்கிறேன். பக்கத்தில் பூக்காரப் பெண் ஒருத்தி கூடையில் செல்போனைச் சாய்த்து வைத்துச் சீனப் படம் பார்க்கிறாள். அடியில் தமிழ் எழுத்து ஓடுகிறது. கை அதன் பாட்டுக்கு மல்லிகை கட்டுகிறது.

திரையில் அழும் நடிகையைக் காட்டி என்னிடம் சொல்கிறாள். "இந்தப் புள்ளையக் கண்டாலே ஆகாத கூட்டம் ஒண்ணு அங்க சீனாவுல இருக்குக்கா. படம் வர்றதுக்கு முன்னாடியே நெட்டுல கூடி ஒத்த ஸ்டாராப் போட்டுத் தள்ளிட்டாங்க. வந்த வேகத்துல தியேட்டர விட்டுத் தூக்கிட்டாங்க. சீனப் படம் பாக்குற எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரே வருத்தம்."

"படம் எப்படி இருக்கு?"

"சுமார்தான்," என்கிறாள். "அதுக்காக அம்புட்டுப் பேரும் சேந்து அடிக்கிறதா?"

படம் முடிகிறது. பூ கேட்டு வந்தவரிடம், "செத்த பொறுங்கண்ணே," என்கிறாள். ஈர விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, திரையில் வந்து நிற்கும் ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்துகிறாள்.