வண்டி வந்துவிட்டது என்று பாடியவர்

என் அக்காவின் கணவரை யாராவது ஓபரா பாடகர் என்று அறிமுகம் செய்தால் நான் உடனே திருத்திவிடுவேன். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சாயங்காலமானால் ஓபரா அரங்கத்துக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடுவார். எந்த ஓபராவிலும் சிப்பாய்கள், விருந்தாளிகள், கைதிகள் என்று முப்பது பேர் வேண்டியிருக்கும். அந்த முப்பதில் பின்வரிசையில் இடமிருந்து நான்காவது ஆள் என் அத்தான். கைதிக்கும் விருந்தாளிக்கும் ஒரே முகத்தைத்தான் வைத்துக்கொள்வார்.

ஆனால் ஒரே ஒரு ஓபராவில் அவருக்குத் தனியாக ஒரு வரி உண்டு. நூற்றைம்பது வருஷத்துப் பழைய இத்தாலிய ஓபரா அது. அந்த மாதிரி ஓபராவில் பேச்சே கிடையாது, எல்லாமே பாட்டு. கதவைச் சாத்து என்பதைக்கூடப் பாடித்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது அங்கத்தில் சீமாட்டி ஒருத்தி கடிதம் படித்துக்கொண்டிருப்பாள். பின்னால் கதவு திறக்கும். வேலைக்காரர் வந்து, "அம்மணி, வண்டி வந்துவிட்டது" என்று பாடுவார். இத்தாலிய மொழியில் நாலு சொல், மொத்தம் ஆறு விநாடி. சீமாட்டி எழுந்து காதலனோடு ஓடிப்போவாள். அந்த வேலைக்காரர்தான் அத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தவிர, அவர் வந்து சொல்லாமல் அந்த அம்மாள் ஓடிப்போனதில்லை.

வண்டி என்று சொன்னேனே, அது நான்தான். அதே அரங்கத்தில் நான் மேடைத் தச்சன். அத்தான் கதவைத் திறப்பதற்கு முன்னால் திரைக்குப் பின்னே ஒரு மணல் பெட்டியில் இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுவேன். குதிரைகள் தூரத்தில் வந்து, கிட்டத்தில் வந்து, நிற்கும். இரண்டு குதிரையும் நானே. இதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசியதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அத்தானைத்தான் எல்லோரும் வண்டிக்காரர் என்று கூப்பிட்டார்கள். வண்டி நான், பட்டம் அவருக்கு.

அத்தானுக்கு ஒரே ஒரு குறை. அவர் மேடையில் அந்த வரியைப் பாடி அக்கா கேட்டதில்லை. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலை ஷிப்டு. திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை, அரங்கத்துக்கும் அன்றுதான் விடுமுறை. ஒரே ஒரு தடவை லீவு போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கென்று அத்தானுக்குத் தொண்டை கட்டிவிட்டது. உடைகளுக்கு இஸ்திரி போடுகிறவர் அவசர அவசரமாக வேலைக்காரர் வேஷம் போட்டுக்கொண்டு அந்த நாலு சொல்லைப் பாடிவிட்டுப் போனார். அக்கா நன்றாகக் கைதட்டினாள். அது அத்தானுக்கு இன்றுவரை ஆறவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்த ஓபராவைப் படமாக எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் அரங்கத்துப் பாடகர்கள், இசைக்குழு, மேடை ஆட்கள் எல்லோரும் அப்படியே படத்துக்குப் போனோம். முதலில் எல்லாப் பாட்டையும் ஒலிப்பதிவு செய்துவிடுவார்கள். பிறகு அதை ஒலிக்கவிட்டு வாயசைத்து நடிக்க வேண்டும். அத்தானின் ஆறு விநாடி முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் டமாரம் அடித்தார். "தூரப்பார்வைக்குச் சரியா செஞ்சுக்குங்க. படம் பாக்கணுமில்ல" என்பார்.

அக்காவிடமும் சொன்னார். அவள் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "படம்னா மத்தியானக் காட்சி இருக்குமில்ல? அப்ப நான் வந்துடுவேன். இனிமே இஸ்திரிக்காரர் பாட்டெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வைத்துச் சொல்கிறேன், அவருக்குப் படமும் பெரிதில்லை, ஊரும் பெரிதில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பாடியது இந்த ஒருத்தி காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

படப்பிடிப்பு ஒரு பழைய மாளிகையில் நடந்தது. டைரக்டர் ஒரு பெண். எப்போதும் கையில் பிஸ்கட் பொட்டலம் வைத்திருப்பார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். மூன்றாவது அங்கத்துக்கு நாற்காலி, மேஜை, கடிதம் எல்லாம் வைத்தாகிவிட்டது. டைரக்டர் சீமாட்டியின் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கீழே முற்றத்தில் நிஜ வண்டி, நிஜக் குதிரைகள் இரண்டு. அத்தானும் எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷமாக வந்துவிட்டது, வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த வண்டியை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார். சின்னப் பையன் மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

டைரக்டர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே யோசித்தார். பிறகு, "சார், வண்டி வர்றது ஜன்னல் வழியா நல்லா தெரியுது. படம் பாக்குறவங்களுக்கும் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு நீங்க வேற வந்து சொல்லணும்?" என்றார்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், டைரக்டர் சொன்னது நியாயம். மேடையில் வண்டி இல்லை, அதனால் ஒரு ஆள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. சினிமாவில் வண்டியே வந்துவிட்டது. வண்டி வந்ததால் வண்டிக்காரருக்கு வேலை இல்லை.

அத்தான் அப்படியே விட்டுவிடவில்லை. தொழில் புத்தி கைகொடுத்தது. "மேடம், அவங்களுக்குக் கிட்டப்பார்வை இருக்கலாமில்ல? அந்தக் கடிதத்தைப் பாருங்க, மூக்குக்கிட்ட வச்சுப் படிக்கிறாங்க. குறைஞ்சது மைனஸ் மூணு. அவங்களுக்கு முற்றத்துல நிக்கிறது வண்டியா மாட்டுக்கொட்டகையான்னே தெரியாது. யாராவது சொன்னாத்தான் உண்டு" என்றார்.

டைரக்டர் சிரிக்காமல் யோசித்தார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. "அப்படின்னா நாலு அங்கமும் அவங்களுக்குக் கண்ணாடி போட்டாகணும் சார்" என்றார். நாயகியாக நடிக்கும் பாடகி தூரத்திலிருந்து முறைத்தார். பேச்சு அதோடு நின்றது.

இசைக்குழுவை நடத்துகிற பெரியவர் இதைக் கேள்விப்பட்டு வந்தார். குச்சியைப் பிடித்து இசைக்கச் சொல்கிற மனுஷன், கோபம் வந்தாலும் அதே குச்சியைத்தான் நீட்டுவார். அத்தானுக்காகப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் சொன்னதோ வேறு. "குரலை எடுக்கறதா இருந்தா எடுத்துக்குங்க. அதுக்கு அடியில ஆறு விநாடி வயலின் இருக்கு. அதுல கை வச்சா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

ஆக, டைரக்டரும் பெரியவரும் சமாதானமானார்கள். அத்தான் கதவைத் திறக்க வேண்டும், குனிந்து நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. வயலின் மட்டும் ஆறு விநாடி ஒலிக்கும். சீமாட்டி தானாகப் புரிந்துகொண்டு எழுந்து போவாள்.

சொல்வது சுலபம். வயலின் கேட்டதும் அத்தானின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "வாய் அசையுது சார்" என்றார் கேமராக்காரர். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அசைந்தது. ஏழு தடவை அப்படியே ஆனது. எட்டாவது தடவை அத்தான் ஒரு பெப்பர்மின்ட்டைப் பல்லுக்கு நடுவில் கெட்டியாகக் கடித்துக்கொண்டு நின்றார். தாடை இறுகி, கண் பிதுங்கி, அரசாங்க ரகசியம் எதையோ மறைக்கிற ஆள் மாதிரி இருந்தார். அது ஓகே ஆனது.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். முற்றத்தில் குதிரை வழுக்கிவிடக் கூடாது என்று வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். நிஜக் குதிரைகள் பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து நின்றன. குளம்படிச் சத்தம் தனியாக வேண்டுமென்று டைரக்டர் கேட்க, யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். மணல் பெட்டியோடும் கட்டைகளோடும் போய்த் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தான் பாட்டு படத்தில் இல்லை, நான் இருக்கிறேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தேன்.

சொன்னபோது அவர் என் தோளைத் தட்டினார். "போவுது விடு மச்சான். வண்டியாவது நம்ம வீட்டு வண்டியா இருக்கட்டும்" என்றார். அவரை நான் கிண்டல் செய்த கிண்டலுக்கெல்லாம் அன்று ஒரேயடியாக வருத்தப்பட்டேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"சொல்லணும்" என்றார்.

சொல்லவில்லை. வரி போய்விட்டது என்று ஒரு வாக்கியம், நாலு சொல்கூட ஆகாது. ஆனால் அக்கா சாப்பாடு போடும்போது சொல்ல வேண்டாம், அவள் வேலைக்குக் கிளம்பும்போது சொல்ல வேண்டாம், திங்கட்கிழமை நிதானமாகச் சொல்லலாம் என்று நாலு மாதத்தைத் தள்ளிவிட்டார். நானே சொல்லிவிடுகிறேன் என்றால், "நீ மூக்கை நுழைக்காதே" என்றார். அதற்குள் படமும் வந்துவிட்டது. காட்சி முடிவதற்குள் ஷிப்டு தொடங்கிவிடும் என்று அக்கா லீவு போட்டுவிட்டாள். பழைய லீவை நினைவு வைத்துக்கொண்டு, "தொண்டையெல்லாம் நல்லா இருக்கா?" என்று வேறு கேட்டாள். "படத்துல பாடறதுக்கு இப்ப தொண்டை எதுக்கு?" என்று அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மத்தியானக் காட்சி, பாதி அரங்கம் காலி. அக்கா நடுவில், அவளுக்கு ஒருபக்கம் அத்தான், மறுபக்கம் நான். முதல் அங்கத்தில் அத்தான் சிப்பாயாக வந்தார். "அதோ, இடமிருந்து நாலாவது" என்று அக்கா எனக்குக் காட்டினாள். இரண்டாவது அங்கத்தில் விருந்தாளியாக வந்தார். "அதே முகம்" என்றாள். மூன்றாவது அங்கம் ஆரம்பித்ததும் எழுந்து கழிவறைக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

சீமாட்டி கடிதம் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே வண்டி வந்தது. குளம்படி கேட்டது. அக்கா என் முழங்கையை இடித்து, "இது நீதானே?" என்றாள். தலையாட்டினேன். பெருமைப்படவும் முடியவில்லை.

கதவு திறந்தது. அத்தான் வந்தார். திரையில் அவர் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. பெப்பர்மின்ட்டைக் கடித்துக்கொண்டு, தாடை இறுகி, கண் பிதுங்கி. வயலின் ஆரம்பித்தது. அக்கா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். திரையில் அத்தான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அக்கா பாடினாள்.

சத்தமாக என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த அமைதியில் முன்வரிசை வரைக்கும் கேட்டது. அக்காவுக்குப் பாட வராது, அவள் தாலாட்டு பாடினாலே பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துவார்கள். ஆனால் அந்த நாலு இத்தாலியச் சொல்லையும் ஒன்று பிசகாமல், எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வயலின் நிற்கும்போது சரியாக நிறுத்தினாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

திரையில் சீமாட்டி தலையை நிமிர்த்தினாள். கடிதத்தை மடித்தாள். எழுந்து வண்டிக்குப் போனாள்.

அக்கா நிம்மதியாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள். அப்புறம்தான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "வாய் தானா வந்துடுச்சு. முழிக்கிறீங்களே, மறந்துட்டீங்கன்னு நெனச்சு எடுத்துக் குடுத்துட்டேன்" என்று அத்தானிடம் கிசுகிசுத்தாள்.

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நல்லா கேட்டீங்க போங்க. இருபத்திரண்டு வருஷமா பாத்ரூம் கதவுக்கு வெளிய துண்டோட நிக்கிறது யாரு?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். வரியை வெட்டியதை இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"ஆமா, மறந்துதான் போயிட்டேன்" என்றார் அவர். "நல்லவேளை, நீ பக்கத்துல இருந்தே."